மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது: டைம்அவுட், 550, 535 பிழைகள்

ஆபீஸ்_சிஸ்டம்:

வணக்கம் நண்பர்களே. ஆடிட்டர் அலுவலகம், சொந்த டொமைனில் ஆறு மெயில் கணக்குகள். ஷேர்டு ஹோஸ்டிங் (பலர் பகிரும் சர்வர்), அதை நிர்வகிக்க சிபேனல். மெயில் வருவதில் எந்தக் கணினியிலும் சிக்கல் இல்லை (மெயிலைப் பெறும் ஐமேப் முறை, போர்ட் 993). அனுப்பும்போதுதான் ஆளுக்கு ஒரு பிழை வருகிறது.

கணினி 1, தண்டர்பேர்ட். சென்ட் அழுத்தினால் வெகுநேரம் சுற்றிவிட்டு 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'. போர்ட் 465, கனெக்‌ஷன் செக்யூரிட்டியில் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று இருக்கிறது.

கணினி 2, அவுட்லுக் 2016, போர்ட் 587. சென்ட் அழுத்திய உடனே 550 பிழை. அங்கீகாரம் இல்லாமல் இந்த சர்வர் வழியாக ரிலே செய்ய (வெளியே கடத்த) அனுமதியில்லை என்கிறது. நம் டொமைனுக்குள்ளேயே அனுப்பினால் போகிறது.

கணினி 3, தண்டர்பேர்ட். மெயில் போய்விடுகிறது, சென்ட் ஃபோல்டரிலும் இருக்கிறது. ஆனால் ஜிமெயில் முகவரிகளுக்குப் போனவை மட்டும் சில நொடியில் திரும்பி வந்துவிடுகின்றன, 550-5.7.26 என்ற எண்ணோடு. மற்ற கம்பெனி முகவரிகளுக்குப் போய்ச் சேர்கிறது.

இது போக, ஸ்கேன் செய்து நேராக மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின். அதில் 'சர்வரோடு இணைய முடியவில்லை' என்பதோடு சரி, எண் எதுவும் காட்டாது.

சர்வர் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றே. டிஎன்எஸ் (டொமைனின் முகவரிப் பதிவேடு) ஹோஸ்டிங்கில் இல்லை, டொமைன் வாங்கிய ரெஜிஸ்ட்ரார் பேனலில் இருக்கிறது. சென்ற மாதம் நியூஸ்லெட்டர் சேவை ஒன்றுக்காக அங்கே ஒரு டிஎக்ஸ்டி (எழுத்து வரி) ரெக்கார்டு சேர்த்திருக்கிறோம். ஹோஸ்டிங் சப்போர்ட்டில் கேட்டால் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது?

கியூவில்_நிற்பவன்:

வணக்கம். நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறு. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வெளியே போகும் மெயிலுக்கு இரண்டு கட்டம். உங்கள் கணினியிலிருந்து உங்கள் ஹோஸ்டிங் சர்வர் வரை முதல் கட்டம். அங்கிருந்து பெறுபவரின் சர்வர் வரை இரண்டாவது. சென்ட் அழுத்தியதும் திரையில் பிழைப்பெட்டி வந்தால் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டது. மெயில் போய், பிறகு 'மெயிலர் டீமன்' பெயரில் இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்தால் முதல் கட்டம் சரி, எதிர்முனைதான் மறுத்திருக்கிறது. இதைப் பிரிக்காமல் போர்ட்டை மாற்று, பாஸ்வேர்டை மாற்று என்று ஆரம்பித்தால் வேலை செய்துகொண்டிருந்ததும் கெடும். உங்கள் கணினி 1, 2, ஜெராக்ஸ் மெஷின் மூன்றும் முதல் கட்டம். கணினி 3 இரண்டாம் கட்டம்.

கணினி 1. 465-உம் ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸும் சேராது. ஸ்டார்ட்டிஎல்எஸ் என்றால் முதலில் வெறும் எழுத்தில் பேசத் தொடங்கி, பிறகு டிஎல்எஸ் என்ற மறையாக்கத்துக்கு மாறுவது. 465-இல் சர்வர் எடுத்த எடுப்பிலேயே டிஎல்எஸ் பேச்சை எதிர்பார்க்கும், அது தொடங்காமல் வாயே திறக்காது. ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று வைத்த தண்டர்பேர்டோ, சர்வர் முதலில் 220 என்று வரவேற்பு வரி அனுப்பட்டும் என்று நிற்கும். பந்தி வாசலில் 'நீங்க முதல்ல போங்க' என்று நிற்கும் இரண்டு சம்பந்திகள் மாதிரி இரண்டும் நின்றபடியே நேரம் தீர்ந்துவிடும். தலைகீழாக 587-க்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் வைத்தால் காத்திருப்பு இருக்காது, பிழை உடனே வரும். ஏனென்றால் சர்வர் வெறும் எழுத்தில் 220 அனுப்ப, தண்டர்பேர்ட் அதை டிஎல்எஸ் என்று படிக்கப் பார்த்துத் தோற்கும்.

தண்டர்பேர்டில் அக்கவுன்ட் செட்டிங்ஸ் திறந்து, இடதுபக்கப் பட்டியலின் அடியில் 'அவுட்கோயிங் சர்வர் (எஸ்எம்டிபி)' போங்கள். எடிட். போர்ட் 465, கனெக்‌ஷன் செக்யூரிட்டி எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், அத்தென்டிகேஷன் 'நார்மல் பாஸ்வேர்டு', யூசர்நேம் முழு மெயில் முகவரி. '@'-க்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் போட்டால் சிபேனல் ஏற்காது. 'என்கிரிப்டட் பாஸ்வேர்டு' என்ற தேர்வு பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் அது வேறு அங்கீகார முறை, பல சர்வர்களில் இல்லை. வழி முழுக்க டிஎல்எஸ் மூடியிருப்பதால் 'நார்மல்' போதும்.

அதே பட்டியலில் பழைய எஸ்எம்டிபி சர்வர் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு கணக்கின் முதல் பக்கத்தின் அடியில் அது எந்த அவுட்கோயிங் சர்வர் வழியாகப் போகும் என்று தனியாகத் தேர்வு இருக்கும். அங்கே தவறுதலாக யாருடைய ஜிமெயிலோ நின்றால் பிழையே வராது. ஜிமெயில் அனுப்புநர் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்பிவிடும், கிளையன்ட் 'இது யார்?' என்று கேட்கும்போதுதான் தெரியும்.

கணினி 2. அவுட்லுக் பாஸ்வேர்டு கொடுக்காமலே அனுப்பப் பார்க்கிறது. உங்கள் டொமைனுக்குள் போவது இதனால்தான்: உள்ளூர் பெட்டிக்கு வரும் மெயிலை சர்வர் யாரிடமிருந்தும் வாங்கியாக வேண்டும், வெளி டொமைனுக்கு என்றால் மட்டும் 'நீ யார்' என்று கேட்கும். கன்ட்ரோல் பேனலில் 'மெயில்' திறந்து, கணக்கைத் தேர்ந்து, சேஞ்ச், மோர் செட்டிங்ஸ், 'அவுட்கோயிங் சர்வர்' டேப். 'மை அவுட்கோயிங் சர்வர் ரிக்வயர்ஸ் அத்தென்டிகேஷன்' என்பதில் டிக் போடுங்கள், கீழே 'யூஸ் சேம் செட்டிங்ஸ்' இருக்கட்டும். பிறகு 'அட்வான்ஸ்ட்' டேபில் 587-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் (சில பதிப்புகளில் அதன் பெயர் வெறும் 'டிஎல்எஸ்'). 'ஆட்டோ' என்று விடாதீர்கள்.

முன்பு டிக் இல்லாமலே போயிற்றே என்று யாராவது சொல்வார்கள். மெயில் பெற்ற ஐபியிலிருந்து சிறிது நேரத்துக்குப் பாஸ்வேர்டு கேட்காமல் அனுப்ப விடும் வழக்கம் பழைய சர்வர்களில் இருந்தது. ஒரே வைஃபையில் இருக்கும் எல்லோரும் அந்த ஐபியில்தான் வெளியே வருகிறார்கள் என்பதால் அது ஓட்டை, பல இடங்களில் எடுத்துவிட்டார்கள்.

போர்ட் 25 பக்கம் யாரும் போக வேண்டாம். அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையிலான போர்ட். வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25-ஐப் பல சேவைகள் அடைத்து வைத்திருக்கும். கிளவுடிலும் அப்படித்தான், கூகுள் கிளவுடிலும் அமேசான் ஈசி2-விலும் இயல்பாகவே மூடியிருக்கும்.

டிஎன்எஸ்_தாசன்:

கணினி 3-க்கு நான் சொல்கிறேன். கோளாறு அந்தக் கணினியில் இல்லை. 1, 2 சரியானதும் அவற்றிலிருந்தும் இதே 5.7.26 வரும் பாருங்கள்.

எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் இருக்கும் பட்டியல், டிகிம் என்பது மெயிலில் சர்வர் போடும் டிஜிட்டல் கையெழுத்து. திரும்பி வந்த மெயிலை முழுதாகப் படியுங்கள். டிகிம் தேறவில்லை, இந்த டொமைனுக்கு எஸ்பிஎஃப் இந்த ஐபியோடு தேறவில்லை என்று ஜிமெயில் ஐபியையே எழுதிக் கொடுத்திருக்கும். அந்த ஐபியைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் எஸ்பிஎஃப் ரெக்கார்டு அனுமதிக்க வேண்டியது அதைத்தான். வெப்சைட் இருக்கும் ஐபியும் மெயில் வெளியேறும் ஐபியும் ஒன்று என்று நினைக்க வேண்டாம், பல ஹோஸ்டிங்குகளில் மெயில் தனி ரிலே வழியாகப் போகும்.

நியூஸ்லெட்டர் சேவைக்காக டிஎக்ஸ்டி சேர்த்தோம் என்றீர்கள். என் சந்தேகம் முழுக்க அங்கேதான். 'வி=எஸ்பிஎஃப்1' என்று தொடங்கும் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறும் சர்வர் எதையும் தேர்ந்தெடுக்காது, நிரந்தரப் பிழை என்று தள்ளிவிடும். இரண்டையும் ஒரே வரியாக்குங்கள்: தொடக்கத்தில் ஒரு முறை 'வி=எஸ்பிஎஃப்1', நடுவில் ஹோஸ்டிங்கின் ஐபி அல்லது இன்க்ளூட் (இன்னொரு டொமைனின் பட்டியலையும் சேர்த்துக்கொள் என்ற குறிப்பு), அடுத்து நியூஸ்லெட்டரின் இன்க்ளூட், கடைசியில் ஒரே ஒரு '~ஆல்'. 'ஆல்'-க்குப் பின்னால் ஒட்டியதை யாரும் படிக்கமாட்டார்கள்.

சேவை சேவையாக இன்க்ளூட் சேர்த்துக்கொண்டே போகவும் முடியாது. டிஎன்எஸ் தேடல் மொத்தம் 10-ஐத் தாண்டினாலும் அதே நிரந்தரப் பிழை. 'இன்க்ளூட்', 'ஏ', 'எம்எக்ஸ்' என்ற குறிப்புகள் எல்லாம் கணக்கில் வரும், ஒரு இன்க்ளூடுக்குள் இருக்கும் இன்க்ளூடுகளும் வரும். ஐபியை நேராக எழுதினால் கணக்கில் வராது.

எஸ்பிஎஃப் மட்டும் போதாது, டிகிம் கண்டிப்பாகப் போடுங்கள். உங்கள் கிளையன்ட் தன் கம்பெனி மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்து வைத்திருந்தால், ஜிமெயிலுக்குத் தெரியும் ஐபி அந்தக் கம்பெனி சர்வருடையது. எஸ்பிஎஃப் அங்கே தோற்கும். டிகிம் கையெழுத்து மெயிலோடு போவதால், வழியில் யாரும் உள்ளடக்கத்தைத் தொடாதவரை தாங்கும்.

சிபேனலில் 'ஈமெயில் டெலிவரபிலிட்டி' திறங்கள். டிஎன்எஸ் வெளியில் இருப்பதால் 'ரிப்பேர்' பட்டன் உங்களுக்கு உதவாது, 'மேனேஜ்' போய் டிகிம் பெயரையும் மதிப்பையும் எடுத்து ரெஜிஸ்ட்ரார் பேனலில் கையால் சேர்க்க வேண்டும். இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று பெயர். பல பேனல்கள் டொமைனைத் தாமாகவே பின்னால் ஒட்டும். நீங்களும் முழுப்பெயரை ஒட்டினால் டொமைன் இரண்டு முறை வரும். ரெக்கார்டு இருப்பது போலத் தெரியும், தேடினால் கிடைக்காது. '_டொமைன்கீ' வரையுள்ள பகுதியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இரண்டாவது நீளம். 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும், டிஎக்ஸ்டியில் ஒரு துண்டு 255-தான். சில பேனல்கள் தாமே உடைத்துக்கொள்ளும், சில மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். சேமித்த பிறகு மதிப்பின் கடைசிச் சில எழுத்துகளை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

கூடவே டிமார்க் (எஸ்பிஎஃப், டிகிம் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் ரெக்கார்டு) ஒன்றும், 'பி=நன்' (எதுவும் செய்ய வேண்டாம்) என்ற கொள்கையோடு. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் எல்லா அனுப்புநரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கின்றன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளைக்கு 5,000-த்துக்கு மேல் அனுப்புவோரிடம் இரண்டையும், டிமார்க்கையும் கேட்கிறது கூகுள். நீங்கள் அந்த அளவுக்கு வரமாட்டீர்கள், இருந்தாலும் இருப்பது நல்லது.

ரெக்கார்டின் டிடிஎல் (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைக்கும் நேரம், நொடியில்) 14400 என்றிருந்தால் பழைய பதில் நான்கு மணி நேரம் வரை உயிரோடிருக்கும். அதற்குள் 'இன்னும் சரியாகவில்லை' என்று மறுபடி மாற்றாதீர்கள். பிறகு ஏதாவது ஒரு ஜிமெயிலுக்கு அனுப்பி, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' இருக்க வேண்டும்.

ஆபீஸ்_சிஸ்டம்:

மிக்க நன்றி. கணினி 1, 2 போகின்றன. எஸ்பிஎஃப் உண்மையிலேயே இரண்டு இருந்தது, ஒன்றாக்கியாயிற்று. டிகிம்மும் சேர்த்தோம், மூன்றும் 'பாஸ்'.

ஆனால் இப்போது வேறு இரண்டு. பாதுகாப்புக்காக ஒரு கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினோம். அதிலிருந்து அலுவலக வைஃபையில் எல்லாக் கணினியிலும் அவ்வப்போது டைம்அவுட், சில சமயம் மெயில் வருவதும் நிற்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் உடனே போகிறது. அடுத்து, ஜிஎஸ்டி நினைவூட்டலைக் கிளையன்ட்களுக்கு மொத்தமாக அனுப்பியபோது பாதியில், ஒரு மணி நேரத்துக்கான தோல்வி வரம்பு (5/5) தாண்டிவிட்டது, மெயில் நிராகரிக்கப்பட்டது என்று திரும்பியது.

கியூவில்_நிற்பவன்:

ஹாட்ஸ்பாட்டில் போகிறது, அலுவலகத்தில் போகவில்லை என்றால் உங்கள் ஐபியை சர்வர் ஃபயர்வால் அடைத்திருக்கிறது. பாஸ்வேர்டு மாற்றிய கணக்கு யாருடைய பழைய மொபைலிலோ டேப்லெட்டிலோ இன்னும் இருக்கும். அது பையில் கிடந்தபடியே பழைய பாஸ்வேர்டோடு சில நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டும். சில தோல்விக்குள் ஃபயர்வால் அந்த ஐபியை மூடும், அலுவலகம் முழுக்க ஒரே ஐபி என்பதால் எல்லோருக்கும் சேர்த்து மூடும். தடை நேரம் முடிந்ததும் திறக்கும், மறுபடி அந்த மொபைல் தட்டும். இதுதான் உங்கள் 'அவ்வப்போது'. சாதனத்தைக் கண்டுபிடித்துப் பாஸ்வேர்டை மாற்றிய பிறகே ஹோஸ்டிங்கில் தடையை எடுக்கச் சொல்லுங்கள். டிக்கெட்டில் அலுவலகத்தின் வெளி ஐபியையும் பிழை வந்த நேரத்தையும் கொடுத்து, 'ஃபயர்வால் லாகில் இந்த ஐபி இருக்கிறதா' என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

போர்ட் எட்டுகிறதா என்று பார்க்க விண்டோஸில் எதுவும் நிறுவ வேண்டாம். பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளைக்கு சர்வர் பெயரையும் '-போர்ட்' 465-ஐயும் கொடுங்கள். கடைசி வரியில் 'ட்ரூ' என்றால் வழி திறந்திருக்கிறது, கோளாறு செட்டிங்கில். 'ஃபால்ஸ்' என்றால் வழியே இல்லை, செட்டிங்கைத் தொடாதீர்கள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 535 (லாகின் தோல்வி) வருவது வேறு கதை. சிபேனலின் சிபிஹல்க் காவல் தடுத்தால் இணைப்பு கிடைக்கும், சரியான பாஸ்வேர்டையே தவறு என்று சொல்லும்.

மொத்த மெயில் விஷயம்: அந்த 5/5 நீங்கள் எத்தனை அனுப்பினீர்கள் என்பது இல்லை. அந்த மணி நேரத்தில் திரும்பியவையும் தள்ளிவைக்கப்பட்டவையும் எத்தனை என்பது. பட்டியலில் ஐந்து செத்த முகவரி இருந்தால் போதும், மொத்த டொமைனும் அந்த மணி நேரத்துக்கு முடங்கிவிடும். சிபேனலில் 'ட்ராக் டெலிவரி' திறந்து 550 வந்த முகவரிகளைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். 450, 451 வந்தவற்றை விட்டுவிடுங்கள். நான்கில் தொடங்கினால் தற்காலிக மறுப்பு, ஐந்தில் தொடங்கினால் நிரந்தர மறுப்பு. முன்பின் தெரியாத சர்வரைச் சிலர் வேண்டுமென்றே ஒருமுறை 451 சொல்லித் திருப்புவார்கள், திரும்ப வந்தால்தான் ஏற்பார்கள். சிபேனலின் மெயில் மென்பொருளான எக்ஸிம் இயல்பாக முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை முயலும், பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொண்டே நான்கு நாள் வரை விடாது. 24 மணி நேரத்தில் வரும் 'தாமதம்' என்ற அறிவிப்பைப் பார்த்துத் திரும்ப அனுப்பினால் கிளையன்டுக்கு இரண்டு பிரதி போகும்.

நியூஸ்லெட்டர் சேவைதான் வைத்திருக்கிறீர்களே, நினைவூட்டலை அதில் அனுப்புங்கள். பிசிசியில் முகவரிகளை அடுக்குவது ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு ஆகாது.

காப்பியர்_சர்வீஸ்:

ஜெராக்ஸ் மெஷினை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் :)

சார், மெஷின் மாடல் சொல்லவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். வெப் பிரவுசரில் மெஷினின் ஐபியைப் போட்டு அட்மின் பக்கத்துக்குள் போங்கள். முதலில் தேதி, நேரம். பேட்டரி போன மெஷினில் வருடம் பின்னால் போய்விடும், சர்வர் சான்றிதழ் 'இன்னும் தொடங்கவில்லை' என்று இணைப்பை வெட்டிவிடும். அடுத்து டிஎன்எஸ் சர்வர் கட்டம். ஐபியைக் கையால் போட்ட மெஷின்களில் அது பெரும்பாலும் காலி அல்லது எல்லாம் பூஜ்யம். சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் நிற்கும்.

இரண்டும் சரி என்றால் டிஎல்எஸ் பதிப்பு. 1.0, 1.1 இரண்டையும் 2021-இலேயே ஒதுக்கியாயிற்று, இன்றைய சர்வர்கள் 1.2-க்குக் குறைந்தால் பேசாது. பழைய மெஷினுக்கு 1.2 தெரியாது, அல்லது தெரிந்தும் செக்யூரிட்டி மெனுவில் அணைந்திருக்கும். விண்டோஸ் 7-உம் இப்படித்தான், 1.2 உள்ளே இருந்தும் இயல்பாக அணைந்திருக்கும். மெஷினில் மெனுவைப் பாருங்கள், இல்லையென்றால் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் மெயிலை விட்டுவிட்டு, ஸ்கேனை அலுவலகக் கணினியின் ஷேர்டு ஃபோல்டருக்குப் போகும்படி மாற்றுங்கள். டிஎல்எஸ்ஸை அணைத்துப் பாஸ்வேர்டை வெறும் எழுத்தில் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள், சில டெக்னீஷியன்கள் அதைத்தான் செய்துவிட்டுப் போவார்கள்.

ஜிமெயில் வழியாக அனுப்பினால் சாதாரணப் பாஸ்வேர்டு 2022 மே 30-க்குப் பிறகு செல்லாது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்து, இடைவெளி இல்லாமல் மெஷினில் கொடுக்க வேண்டும். கணக்கின் பாஸ்வேர்டை எப்போது மாற்றினாலும் பழைய ஆப் பாஸ்வேர்டு ரத்தாகும், புதிதாக எடுக்க வேண்டும். அவுட்லுக் டாட் காம், ஹாட்மெயில் கணக்குகளில் 2024 செப்டம்பரிலிருந்து வெறும் பாஸ்வேர்டு போதாது, புதிய ஓஆத் முறை (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன்) வேண்டும். பழைய மெஷினுக்கு அது தெரியாது, முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மெஷினின் அனுப்புநர் முகவரியும் லாகின் முகவரியும் ஒன்றாக இருக்கட்டும். 'ஸ்கேனர்@' என்று இல்லாத முகவரி போட்டால் சில சர்வர்கள் 553 என்று தள்ளும்.

டிஎன்எஸ்_தாசன்:

ஸ்கேன் என்றதும் இன்னொன்று. மெயிலில் இணைப்பு போகும்போது ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாகும், வரி முறிவுகளும் சேர்ந்து சுமார் 37 சதவீதம் பெருக்கும். ஜிமெயிலின் 25 எம்பி வரம்புக்குள் அடங்க ஃபைல் 18 எம்பிக்குள் இருக்க வேண்டும். எதிர்முனை போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மென்பொருளில் ஓடும் சர்வராக இருந்து இயல்பு வரம்பை மாற்றாமல் விட்டிருந்தால் (10,240,000 பைட்) ஏழரை எம்பி ஃபைலே 552 (அளவு மீறியது) வாங்கும். பேலன்ஸ் ஷீட்டை 600 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்ய வேண்டிய அவசியம் இல்லை, 200 டிபிஐ கருப்பு வெள்ளை படிக்கத் தாராளம்.

ஆபீஸ்_சிஸ்டம்:

பழைய பாஸ்வேர்டு இருந்தது ரிசப்ஷன் டேப்லெட்டில். மாற்றியாயிற்று, தடையையும் எடுத்துவிட்டார்கள். மெஷினில் டிஎன்எஸ் கட்டம் காலியாகத்தான் இருந்தது, ரவுட்டர் ஐபியைப் போட்டதும் ஸ்கேன் போகிறது. டிஎல்எஸ் 1.2 மெனுவில் இருக்கிறது. நினைவூட்டலை நியூஸ்லெட்டர் பக்கம் மாற்றுகிறோம், அதற்கு டிகிம் தனியாகச் சேர்க்க வேண்டுமா?

டிஎன்எஸ்_தாசன்:

ஆமாம், தனியாகத்தான். அவர்கள் பேனலில் 'டொமைன் அத்தென்டிகேஷன்' பகுதியில் சிஎன்ஏம் அல்லது டிஎக்ஸ்டி ரெக்கார்டுகள் கொடுப்பார்கள். செலக்டர் ('_டொமைன்கீ'-க்கு முன்னால் வரும் பெயர்) வேறாக இருக்கும் என்பதால் சிபேனல் டிகிம்மோடு மோதாது, டிகிம் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒன்றே ஒன்று என்ற கட்டுப்பாடு எஸ்பிஎஃப்புக்கும் டிமார்க்குக்கும்தான்.